வென்டிலேட்டர்

ஐசியூவில் இருந்த 11 நாளில் அப்பா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது இரண்டே கேள்விதான். "மணி என்னப்பா?" என்பது ஒன்று. "இந்த வண்டி எங்கேயுமே நிக்காதா?" என்பது இன்னொன்று. அவர் ரயில்வேயில் 34 வருடம் கேபின்மேனாக இருந்தவர். லீவர் இழுத்து, கொடி காட்டி, எந்த வண்டி எத்தனை நிமிடம் லேட் என்று ரெஜிஸ்டரில் எழுதி வைத்தவர். கடிகாரத்தைப் பார்க்காமலே மணி சொல்வார். ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகாது. அவருக்கு நேரம் தொலைந்துபோனதை நான் அந்த அறையில்தான் முதல் முறையாகப் பார்த்தேன். நிமோனியா முற்றி, மூன்று நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்து, குழாயை எடுத்த பிறகு ஆரம்பித்தது இது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால், "ராத்திரில ஏன்டா அலையற, போய்ப் படு" என்பார். ராத்திரி போனால் டிபன் ஆச்சா என்பார். ஆறாவது நாள் கட்டில் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயிலில் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். யாரோ ஷட்டரை இறக்கிவிட்டார்களாம். விருத்தாசலம் வந்துவிட்டதா, தாண்டிவிட்டதா என்று பார்க்க முடியவில்லையாம்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருபத்து நாலு மணி நேரமும் ஒரே வெளிச்சம், ஒரே குளிர், ஒரே பீப் சத்தம். மதியமும் ராத்திரியும் பத்துப் பத்து நிமிடம் எங்களை உள்ளே விடுவார்கள். வெளியே செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாயும் பிளாஸ்க்கும் கூடையுமாக அம்மா உட்கார்ந்திருப்பார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வயதானவர்களுக்கு, அதுவும் வென்டிலேட்டரில் இருந்து வந்தவர்களுக்கு, இந்த மாதிரி மனக்குழப்பம் வருவது சகஜம். காய்ச்சல், மருந்து, தூக்கமில்லாதது எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. வீட்டுக்குப் போனால் தெளிந்துவிடும் என்றார். அப்படியே ஆனது. அவரைப் பிழைக்க வைத்தவர்கள் அங்கே இருந்த டாக்டர்களும் நர்ஸ்களும்தான். அவர்கள்மேல் எனக்கு இம்மியும் குறை இல்லை.

என்னை உறுத்தியது வேறு. நான் கட்டட வரைபடம் போடுகிறவன். 23 வருடமாக டிராஃப்ட்ஸ்மேன் வேலை. வீடு, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், நடுநடுவே மூன்று ஆஸ்பத்திரி. அதில் ஒன்றின் முதல் பிளானில் ஐசியூ வெளிச்சுவரை ஒட்டி இருந்தது. எட்டுக் கட்டில், நான்கு ஜன்னல். இரண்டாவது மீட்டிங்கில் வெளிச்சுவர் முழுக்க வாடகை அறைகளுக்குப் போனது, ஐசியூ நடுவில் நகர்ந்தது. தனி அறைக்கு வருகிறவர்கள் ஜன்னல் கேட்பார்கள். ஐசியூவுக்கு வருகிறவர் எதையும் கேட்கிற நிலையில் வருவதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஏசி இருக்கிறது, லைட் இருக்கிறது, கிருமி வராமல் இருக்க மூடிய அறைதான் நல்லது என்றார்கள். நானும் சரி என்றேன். நான்கு ஜன்னலையும் கர்சரால் வளைத்து டெலிட் பட்டனை அழுத்தினேன், சுவர்க்கோட்டை நீட்டி மூடினேன். ஒரு நிமிட வேலை. அப்பா படுத்திருந்தது வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில். ஆனாலும் முதல் நாள் உள்ளே நுழைந்ததுமே அந்த இடம் எனக்குப் பழகிய இடமாக இருந்தது. கை கழுவும் இடம் எங்கே, நர்ஸ் ஸ்டேஷன் எங்கே, எந்த மூலையில் ஏசி ஷாஃப்ட் இறங்குகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

வென்டிலேட்டர் என்ற சொல்லே அன்றைக்கு என்னைத் தடுமாற வைத்தது. எங்கள் தொழிலில் வென்டிலேட்டர் என்றால் சுவரில் விடுகிற சின்னத் திறப்பு. லின்டலுக்கு மேலே, கூரையை ஒட்டி, இரண்டடிக்கு ஒன்றரை அடி. சிமென்ட் ஜாலி வைப்போம், இல்லையென்றால் கண்ணாடிப் பட்டை. சூடான காற்று மேலே ஏறி அது வழியாக வெளியே போகும்; கீழே ஜன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தெரிந்த சங்கதி. நான் வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் மரச்சட்டம் போட்ட வென்டிலேட்டர் ஒன்று உண்டு. கயிற்றை இழுத்தால் திறக்கும். அதில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்ததால் அம்மா அதை மூடவே விட்டதில்லை. அதனால் நர்ஸ் வந்து "வென்டிலேட்டர்ல வெச்சிருக்கோம் சார்" என்ற அந்த ஒரு நொடியில் என் கண்ணுக்கு வந்தது அந்தக் கயிறும் குருவியும்தான். அடுத்த நொடி புரிந்தது, கால் வெடவெடத்தது. சுவரில் இருந்த அந்தச் சொல் எப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் இறங்கி வந்தது? அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதம் இதே நினைப்பு. ராத்திரியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கட்டடங்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

கல்லில் வெட்டிய உடம்பு

சில வருடங்களுக்கு முன் இலங்கை போனபோது மிகிந்தலை மலையடிவாரத்தில் ஒரு பழைய வைத்தியசாலையின் இடிபாட்டைப் பார்த்திருக்கிறேன். 9-ஆம் நூற்றாண்டில் பிக்குகளுக்காகக் கட்டியது. இப்போது அடித்தளமும் கொஞ்சம் தூண்களும்தான் மிச்சம். தொழில் புத்தியில் பிளானைத்தான் முதலில் பார்த்தேன்: நடுவில் திறந்த முற்றம், முற்றத்தின் மையத்தில் ஒரு சின்ன வழிபாட்டு இடம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் சிறுசிறு அறைகள். எந்த அறை வாசலில் நின்றாலும் முற்றத்து வானம் தெரியும். அதற்குப் பக்கத்தில் ஒரு கல் தொட்டி இருக்கிறது. ஒரே கல்லை மனித உடம்பு மாதிரியே குடைந்திருக்கிறார்கள். தலைக்கு ஒரு பள்ளம், தோளுக்கு அகலம், காலை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. நோயாளியை அதில் படுக்க வைத்து மூலிகைத் தைலத்தாலோ கஷாயத்தாலோ நிரப்புவார்களாம். அன்றைக்கு அதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அப்பாவின் கட்டிலருகே நின்ற பிறகுதான் அந்தத் தொட்டி மறுபடி நினைவுக்கு வந்தது. படுத்திருக்கிற ஒரு உடம்பை அளந்து, அதிலிருந்து வேலையை ஆரம்பித்த ஒரு சிற்பி.

நம் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. வீரசோழன் என்ற பெயரில் நடந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு, என்னென்ன செலவு என்று நெல் மணி விடாமல் எழுதியிருக்கிறது. 15 கட்டில். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக்கிரியை என்கிற அறுவை வைத்தியம் செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு ஆள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு மருந்து காய்ச்ச இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். வாஸாஹரீதகி, தசமூல ஹரீதகி என்று ஒரு வருடத்துக்கு இருப்பு வைக்கிற மருந்துகளின் பட்டியல் தனி. அந்தக் கணக்கில் ராத்திரி எரிகிற ஒரு விளக்குக்கான எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. அந்த வரியில் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஒரு விளக்கு. அது ராத்திரியில் எரிகிறது. அப்படியென்றால் அங்கே படுத்திருந்த 15 பேருக்கும் எது ராத்திரி என்று தெரிந்திருக்கிறது.

காற்றைக் கட்டியவர்கள்

பாரிஸில் நோத்ர்தாம் தேவாலயத்துக்குப் பக்கத்தில், சேன் நதியை ஒட்டி, ஓத்தெல் தியூ என்ற பழைய பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. 1772-இல் அதில் பெரும் தீ. அதன் பிறகு அதை எப்படித் திரும்பக் கட்டுவது என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. ழாக் தெனோன் என்ற அறுவை மருத்துவர் உள்ளே போய் எல்லாவற்றையும் எண்ணி, அளந்து, 1788-இல் அறிக்கையாக வெளியிட்டார். ஒரு கட்டிலில் நான்கு பேர், சில சமயம் அதற்கும் மேல். ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால். காய்ச்சல்காரரும் பிள்ளை பெற்றவளும் ஒரே கூரைக்கடியில். தெனோன் இங்கிலாந்துக்கும் போய் பிளைமவுத் கடற்படை ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அங்கே ஒரே பெரிய கட்டடமாகக் கட்டாமல், தனித்தனிக் கட்டடங்களாக இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த யோசனைதான் பிறகு பிரான்சில் வளர்ந்து, 1854-இல் பாரிஸில் திறந்த லாரிபுவாசியே ஆஸ்பத்திரி வரை வந்தது. சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக வார்டுகள், ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே தோட்டம், இரண்டு பக்கமும் ஜன்னல்.

அதே வருடம்தான் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போருக்காகத் துருக்கியில் ஸ்குட்டாரி போய்ச் சேர்ந்தார். ராணுவக் குடியிருப்பையே ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தார்கள். அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 பிப்ரவரியில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகு, ஜூனில் அது நூற்றுக்கு 2 என்று இறங்கியது. ஊர் திரும்பியவர் 1859-இல் ஆஸ்பத்திரிக் கட்டடங்களைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். அவரை விளக்கேந்திய சீமாட்டியாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். எனக்கு அவர் ஒரு கறாரான பில்டிங் இன்ஸ்பெக்டராகத்தான் தெரிந்தார். இரண்டு கட்டிலுக்குக் குறைந்தது ஒரு ஜன்னல். எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல்கள், நடுவே காற்று குறுக்கே ஓட வேண்டும். ஜன்னலின் மேல் விளிம்பு கூரைக்கு ஓர் அடி வரை போக வேண்டும், கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் இருக்க வேண்டும். கீழ் விளிம்பு ஏன் அவ்வளவு தாழ்வு? படுத்தபடியே வெளியே பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக. லண்டனில் தேம்ஸ் கரையில் 1871-இல் திறந்த செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி இந்தக் கணக்கில்தான் எழுந்தது. நம் ஊர்ப் பழைய அரசு ஆஸ்பத்திரிகளின் நீள வார்டும், ஆளுயரத்துக்கு மேல் போகிற ஜன்னலும், சுற்று வராந்தாவும் அந்தக் காலத்து எண்ணத்தின் வாரிசுகள்தான். என் பாட்டி அப்படி ஒரு வார்டில் இருந்தபோது வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருக்கிறேன். வேப்பம்பூ வந்து தலைமேல் விழும்.

இதில் ஒரு முரண் உண்டு. கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பித்தான் நைட்டிங்கேல் இதையெல்லாம் சொன்னார். அந்த நம்பிக்கை தவறு. கிருமிதான் காரணம் என்று அடுத்த இருபது முப்பது வருடத்தில் தெரிந்துவிட்டது. தவறான காரணத்துக்காகச் சரியான ஜன்னலை வைத்திருந்தார் அவர். காரணம் விழுந்தபோது, கொஞ்ச காலம் கழித்து ஜன்னலும் விழுந்தது.

மரத்தின் கணு

வீடு வந்து மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம் அப்பா தானாகவே பேச்சை எடுத்தார். "அங்க மேல ஒரு சதுரம் இருந்துது. ஓட்டை ஓட்டையா. ஒரு வரிசைக்கு இருபத்தெட்டு. எண்ணிக்கிட்டே போவேன், பாதியில விட்டுப்போகும், மறுபடி மொதல்லேர்ந்து. சில நேரம் ஓட்டை எல்லாம் நகரும். எறும்பு மாதிரி." அவ்வளவுதான் சொன்னார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தெரியும் அந்தச் சதுரம். இரண்டடிக்கு இரண்டடி ஃபால்ஸ் சீலிங் தகடு, சத்தத்தை உறிஞ்சுவதற்காகத் துளை போட்டது. எத்தனை டிராயிங்கில் அதை நிரப்பியிருக்கிறேன்! ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் போதும், அறை முழுக்கத் தானாகவே பரவிவிடும்.

அன்று ராத்திரி நைட்டிங்கேல் நர்ஸ் வேலையைப் பற்றி எழுதிய இன்னொரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிரிமியாவில் அவரே காய்ச்சலில் விழுந்து சாகக் கிடந்தவர். அதில் ஒரு இடத்தில் சொல்கிறார்: மரக் குடிசையில் படுத்திருக்கும் காய்ச்சல்காரருக்கு ஜன்னல் வழியே வெளியே பார்க்க முடியாமல், சுவர்ப் பலகையில் உள்ள மரக்கணுக்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தால், அந்த வேதனை பொல்லாதது, அதைப் பிறரிடம் பார்த்ததோடு, காய்ச்சலில் கிடந்தபோது தானே அனுபவித்ததாகவும் சொல்கிறார். புத்தகத்தை மூடிவிட்டேன். நூற்று அறுபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் மரக்கணுவை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார். அதை எழுதியும் வைத்திருக்கிறார். அச்சில் வந்து, உலகம் பூரா படித்து, அதற்கப்புறமும் அப்பா தகட்டு ஓட்டையை எண்ண வேண்டியிருந்திருக்கிறது.

மறுநாள் ஆபீஸில் எல்லோரும் போன பிறகு, அந்தப் பழைய ஆஸ்பத்திரி ஃபைலைத் திறந்தேன். நாங்கள் போடுவது எல்லாமே மேலேயிருந்து பார்க்கிற பார்வை. பிளான் என்றாலே கூரையைக் கழற்றி வைத்துவிட்டு, பருந்து மாதிரி கீழே பார்ப்பது. கூரைக்கென்று தனி டிராயிங் போடும்போதுகூட அண்ணாந்து பார்ப்பதில்லை. தரையில் கண்ணாடி விரித்து, அதில் தெரிகிற கூரையின் பிம்பத்தை வரைவதாகத்தான் கணக்கு. 23 வருடமாக ஒரு அறையையும் நான் கீழேயிருந்து பார்த்ததில்லை. முப்பரிமாண மாடலில், ஐந்தாவது கட்டிலின் தலையணை உயரத்துக்குக் கேமராவை இறக்கினேன். இரண்டரை அடி. லென்ஸை மேலே திருப்பினேன். திரை முழுக்கச் சாம்பல் கட்டங்கள். நடுவில் ஒரு லைட், நேராகக் கண்ணுக்குள். இடது ஓரத்தில் ஏசி கிரில். வேறு ஒன்றுமே இல்லை. நர்ஸ் ஸ்டேஷனுக்கு நல்ல டைல்ஸ், வரவேற்பறைக்கு மார்பிள், வாசலுக்கு ஒரு வளைவு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தோம். அந்த அறையில் ஒருவர் பல நாள் பார்க்கப்போகிற ஒரே காட்சியை யாரும் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அதை வரைந்தவன் நான். அன்று நான் வீட்டுக்குப் போக ரொம்ப நேரமாயிற்று.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். பிரான்சில் போன் என்ற ஊரில் 1443-இல் நிக்கோலா ரோலாங் என்பவர் ஏழைகளுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரியில், நீளமான கூடத்தின் கூரை கவிழ்த்து வைத்த படகு மாதிரி இருக்கும். உத்திரங்களில் வண்ணம் தீட்டிய உருவங்கள். கூடத்தின் கோடியில் பூசைப் பீடம், கட்டிலில் கிடந்தபடியே அதைப் பார்க்கலாம். பின்லாந்தில் ஆல்வார் ஆல்ட்டோ என்ற கட்டடக் கலைஞர் காசநோயாளிகளுக்காக பைமியோ என்ற இடத்தில் சானடோரியம் கட்டினார், 1933-இல் முடிந்தது. அதை வடிவமைத்த சமயத்தில் அவரே நோயில் படுத்திருந்தாராம். சாதாரண அறை நிற்கிற ஆளுக்கு, நோயாளி அறை கிடக்கிற ஆளுக்கு என்ற வித்தியாசம் அப்போது உறைத்திருக்கிறது. கூரைக்குக் கண் கூசாத பச்சை வண்ணம் அடித்தார். விளக்கைப் படுத்திருப்பவர் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். இரண்டு பேர் தங்குகிற அறையில் ஒருவர் கை கழுவினால் மற்றவர் தூக்கம் கெடாமல் இருக்க, தண்ணீர் சத்தமில்லாமல் சரிகிற கோணத்தில் வாஷ்பேசினைச் செய்தார். அந்த வாஷ்பேசின் படத்தை அச்செடுத்து என் மேஜையில் ஒட்டியிருக்கிறேன்.

சானடோரியம் ஸ்டேஷன்

செங்கல்பட்டு லோக்கலில் போகிற எல்லோரும் தாம்பரம் சானடோரியம் என்ற ஸ்டேஷனைத் தாண்டியிருப்போம். 1928-இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியத்தின் பெயர் அது. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்திய அனுபவத்தோடு வந்தவர். 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி வார்டுகள். மருந்து இல்லாத காலத்தில் கட்டடமே மருந்து என்று உலகம் முழுக்க நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை முடித்து வைத்ததும் சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி மையத்தில், நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி அவரவர் வீட்டிலேயே. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும். வீட்டில் இருந்தவர்களுக்கு இடுக்கான அறை, அரை வயிறு, வேலை. 1959-இல் முடிவு வந்தது: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றியதும் கூடுதல் இல்லை. அதன் பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாவது வேகமெடுத்தது. ஏழைகளுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. வருடக்கணக்கில் பிள்ளை குட்டியைப் பிரிந்து கிடக்க வேண்டாம், வீட்டிலேயே மாத்திரை சாப்பிடலாம். இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கூடவே என் வாதத்துக்கு அடியில் இருந்த கல்லை யாரோ உருவியது போலவும் இருந்தது. காற்றும் வெளிச்சமும் மரமும் நோயைத் தீர்க்கவில்லை. மாத்திரைதான் தீர்த்தது. அப்படியானால் ஜன்னலை அழித்ததில் என்ன தப்பு?

இதே காலத்தில்தான் வென்டிலேட்டரும் சுவரைவிட்டு இறங்கியது. 1952-இல் கோபன்ஹேகனில் கடுமையான போலியோ. பிளேக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் வந்து குவிந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் வழியைக் காட்டினார். அவ்வளவு இயந்திரம் இல்லை. சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, ராத்திரி பகலாகக் கட்டிலருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். ஒரு பிள்ளையின் மூச்சு இன்னொரு பிள்ளையின் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. அடுத்த வருடம் இப்சன் மோசமான நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்துக் கண்காணிக்கத் தனிப் பிரிவு தொடங்கினார், ஐசியூ பிறந்தது. கைகளின் இடத்துக்கு இயந்திரம் வந்தது. லிஃப்ட், டியூப்லைட், ஏசி எல்லாம் சேர்ந்து கட்டடம் உயரமாகவும் தடிமனாகவும் ஆனது. நர்ஸ் நடக்கிற தூரம் குறைய வேண்டும் என்று எல்லாவற்றையும் நெருக்கினார்கள், அதிலும் நியாயம் உண்டு. தடித்த கட்டடத்தின் வயிற்றுக்குள் ஜன்னல் இல்லாத இடம் உருவாகிறது. ஏதாவது ஒன்றை அங்கே வைத்தாக வேண்டும்.

சென்னை ஆராய்ச்சிக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் சொல்லலாம். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒன்றின் பழைய ரெக்கார்டுகளை எடுத்துப் பார்த்தார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்கள், 46 பேர். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரம், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரி 7.96 நாளில் வீடு போனார்கள், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளில். மரம் தெரிந்தவர்கள் கேட்ட கடும் வலி மருந்தும் குறைவு. சின்ன ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. இன்னொன்று, 2007-இல் பெருவின் லிமா நகர ஆஸ்பத்திரிகளில் செய்த அளவீடு. ஐம்பது வருடத்துக்கு முந்தைய, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள வார்டுகளில் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் மணிக்கு 40 தடவை காற்று மாறியது. புதிய கட்டடங்களில் ஜன்னலைத் திறந்தும் 17 தான். இயந்திரத்தால் காற்றை இழுக்கும் தனி அறைகளில் 12. காசநோய் காற்றில் பரவுகிற நோய். நைட்டிங்கேலின் காரணம் தவறாக இருந்தாலும் அந்தச் சுவரோட்டை தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

இதெல்லாம் இல்லாமல் போனாலும் என் நிலை மாறாது என்று இப்போது தோன்றுகிறது. ஜன்னல் அப்பாவின் நிமோனியாவைத் தீர்த்திருக்காது. குழப்பத்தைத் தடுத்திருக்கும் என்றுகூட நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 11 நாள் ஒருவர் ஓரிடத்தில் வாழ்ந்திருக்கிறார். எழுபத்தாறு வயதுக்காரர், வாழ்நாள் முழுக்கப் பகலையும் ராத்திரியையும் நிமிடக் கணக்கில் கவனித்தவர். விடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிவதற்கு, மருந்துச் சீட்டில் காரணம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

போன மாதம் ஆபீஸுக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி வேலை வந்தது, முப்பது படுக்கை. ஐசியூவில் ஆறு கட்டில். திறக்காத கண்ணாடிதான், ஏசிக்காரர் அதற்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆறு கட்டிலுக்கும் கண்ணாடி உண்டு, கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டடி. மீட்டிங்குக்குப் போகும்போது பிளானோடு இன்னொரு தாளையும் கொண்டுபோனேன்: தலையணை உயரத்திலிருந்து எடுத்த ஆறு படம், ஒரு கட்டிலுக்கு ஒன்று. எதற்கு இது என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தார்கள். இரண்டு ஸ்டோர் ரூம் உள்ளே போனது, ஜன்னல்கள் அப்படியே நின்றன.

அப்பா இப்போது ஊரில் ஓட்டு வீட்டில் இருக்கிறார். கூடத்தில் அவர் கட்டிலுக்கு மேலே, ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருக்கிறது. அது வழியாக இறங்குகிற வெயில் துண்டு காலையில் மேற்குச் சுவரில் ஆரம்பித்து, நெல் குதிர்மேல் பட்டு, உச்சியில் தரைக்கு வந்து, பிறகு மெல்ல மரத்தூணை நோக்கி நகரும். போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அவர் மல்லாந்து படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். வெயில் தூணின் அடியைத் தொட்டிருந்தது. தலையைத் திருப்பி அதை ஒரு பார்வை பார்த்தார்.

"மூணு ஆகப்போவுது," என்றார். "அம்மாவ காபி போடச் சொல்லு."

போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்தெட்டு.